சரோஜினியின் மஞ்சள் கயிறு

மத்தியானம் ஒரு மணி. எங்கள் ஊரில் அந்த நேரம் எல்லா வீட்டிலும் சாப்பாடு. மீன்கறி மணம் வெளியே வரும், ஆள் வெளியே வராது. அது பார்த்துத்தான் நான் நீலப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, மேலே ஒரு பழைய துவர்த்தை, தலை துவட்டும் துண்டைப் போட்டு மூடி, வீட்டுக்குப் பின்னால் உள்ள துணி அடித்துத் துவைக்கும் அலக்குக்கல்லுக்குக் கள்ளனைப் போலப் போவேன்.

படுக்கையறையிலிருந்து ரத்னபாயின் குரல் வரும்.

"ஆரெங்கிலும் உண்டா?"

"ஆருமில்லெ."

"மதிலுக்கு அப்பறம் பாத்தியளா?"

"பாத்தாச்சு."

"செரி, போங்க."

ரத்னபாய் என் மனைவி. அவளுக்குப் பக்கவாதம் வந்ததையும், வலது பக்கம் தளர்ந்து, பேச்சு கொஞ்சம் குழைந்து, ஆனால் ஆள் முழுசாக வீடு திரும்பியதையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அப்போது டாக்டர்களுக்கு நன்றி சொன்னேன். இந்த வாரம் நன்றி சொல்லவேண்டியது வேறு ஒரு ஆளுக்கு. அதற்கு அந்தப் பக்கெட்டைத் திறந்துதான் ஆகவேண்டும். ரத்னபாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா உள்ளதெ மட்டும் எழுதணும்" என்றிருக்கிறாள்.

கடையில் வாங்கும் டயப்பர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. பஞ்சாயத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், "கொஞ்ச நாளு பழைய பருத்தித் துணி போதும்" என்றார். கிழிந்த சேலை, என் பழைய கைலி எல்லாம் வெட்டி, நான்காக மடித்து, துணி தயார் செய்தோம். நர்ஸுக்கு மைக் வேண்டாத தொண்டை. போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "நல்ல வெயிலிலெ மொறுமொறுண்ணு காயணும் அங்கிளே. ஈரம் நின்னா புண்ணு ஆறாது, கேட்டீங்களா?"

அன்று மாலையே ரத்னபாய் என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

"என் துணியெ நீங்க தவிர ஒரு ஆளு காணப்பிடாது. கண்டாண்ணு அறிஞ்சா, நான் பின்னெ மருந்து குடிக்கமாட்டேன்."

அவள் சும்மா சொல்லுகிறவள் அல்ல. கல்யாணமான புதிதில் ஒருநாள், மீன்கறியில் உப்பு அதிகம் என்றேன். இருபது நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

அதனால் துணியை ஒளித்துத் துவைத்தேன். ஒளித்தே காயப்போட்டேன், வீட்டை ஒட்டிய தகரச் சாய்ப்புக்குள். அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. துணி காய்ந்தது மாதிரி இருக்கும், மடியில் ஈரம் நிற்கும். புண் ஆறவில்லை. ஒவ்வொரு வாரமும் நர்ஸ் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கம்பத்தின் மேலிருந்து

எனக்கும் துணிக்கும் அதற்கு முன் பெரிய பழக்கம் இல்லை. நான் அறிந்தது இரண்டே கும்பல்: உடுத்தது, உடுக்காதது. ரத்னபாய்க்கு ஏழு. சபைக்கு உடுக்கும் வெள்ளை, மற்ற வெள்ளை, என் காக்கி, சாயம் போகாத நிறம், சாயம் போகும் நிறம், அடுக்களைத் துணி, கால் துடைக்கிற துணி. அடுக்களைத் துணியும் கால் துணியும் ஒரே வாளியில் விழுந்தால், அன்றைக்குச் சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

ஆனால் மற்ற வீட்டுத் துணிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் லைன்மேனாக இருந்தவன் நான். கரண்டுக் கம்பத்தில் ஏறி நின்றால் வீட்டின் முன்பக்கம் கண்ணில் படாது. பின்பக்கம்தான் முழுசாகத் தெரியும். ஒரு வீட்டைப் பற்றி அதன் வாசல் சொல்லாததைக் கொடிக்கயிறு சொல்லிவிடும்.

பூவார்ப் பக்கம் போனால் கிணற்றில் உப்பு வெள்ளம்; எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். சோப்பு நுரைக்காது. அங்குள்ளவர்கள் குழாய் வெள்ளத்தைப் பிடித்து வெள்ளைத் துணிக்கென்று மூடி வைப்பார்கள். நிறத் துணிக்கு உப்பு வெள்ளம் போதும். அங்கே ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் எனக்குப் பழக்கம். நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளைக் கோடு பிசகாமல் மடிப்பவர். அவருடைய சொந்தச் சட்டையோ வேலியில் எறிந்தபடி கிடக்கும். கேட்டதற்கு, "சாரே, வீட்டிலயும் மடக்கச் சொன்னா நான் நாடு விட்டுப் போவேன்" என்றார்.

ஒற்றசேகரமங்கலத்தில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அத்தான் ரப்பர் வெட்டுகிறவர். ரப்பர்ப் பால் பட்ட துணி எந்தச் சோப்புக்கும் மசியாது. அந்தச் சட்டைக்கு வீட்டுக்குள் அனுமதி கிடையாது. பலாமரத்தில் ஒரு ஆணி, அதுதான் அதன் அலமாரி. அத்தான் காலையில் மரத்தடியில் நின்றுதான் வேலைச் சட்டை மாற்றுவார். அக்கா சொல்லுவாள், "எனக்கு ரெண்டு மாப்பிளெ மக்கா. ஒண்ணு வீட்டுக்குள்ள, ஒண்ணு பிலாவிலெ."

திருப்புறத்தில் ஒரு வீடு. பெண்களின் உள்ளாடை வெளியாருக்குத் தெரியக்கூடாதென்று அதன்மேல் ஒரு துவர்த்தை விரித்துக் காயப்போடுவார்கள். காய வேண்டாத துவர்த்து வெயிலில் வேகும். காய வேண்டியது அடியில் கிடந்து அவியும். நான் கம்பத்தில் நின்று சிரித்திருக்கிறேன். பிற்பாடு தகரச் சாய்ப்புக்குள் நான் செய்ததும் அதுதானே.

கைலி பறந்த நாள்

எங்கள் மதிலுக்கு அப்புறம் சரோஜினியின் வீடு. தினமும் தேவி கோயிலுக்குப் போகிறவள். கணவர் போய்ச் சில வருடமாகிறது, மகள் நெய்யாற்றின்கரையில் இருக்கிறாள், சரோஜினி தனியாகத்தான்.

அவள் வீட்டில் துணிக்கு ஏழு கும்பல் கிடையாது. இரண்டுதான்: கோயில் துணி, மற்றது. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் இருக்கிறதே! குளித்த பிறகுதான் கோயில் துணியைத் தொடுவாள். தென்னைக்கும் மாமரத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் நைலான் கயிறு, அது அந்தத் துணிக்கு மட்டும். வீட்டைச் சுற்றியுள்ள அவள் விளையிலேயே காலை முதல் மாலை வரை வெயில் விழும் இடம் அது ஒன்றுதான். காயப்போட்ட பின் வேறு ஒரு கை பட்டால், மறுபடி முதலிலிருந்து நனைப்பாள். எங்கள் பக்கம் துணி நனைக்கிறது என்றால் துவைப்பதுதான்.

ஒரு காலத்தில் ரத்னபாயும் அவளும் மதிலுக்கு இப்புறமும் அப்புறமுமாக நின்று நனைப்பார்கள். வெள்ளை முண்டு, வேட்டிக்கு நீலம் போடுவதில் ரத்னபாய்தான் இந்த வட்டாரத்தில் ராணி. பக்கெட் வெள்ளத்தை உள்ளங்கையில் கோரி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். "எட்டி சரோஜினி, நீலம் கொறச்சுப் போடு! முண்டா, ஆகாசமா?" என்று இங்கிருந்து சத்தம் போடுவாள். சரோஜினி அங்கிருந்து சிரிப்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், ஒரு ஆடிக்காற்றில் என் கைலி பறந்தது. பறந்தது நேரே போய் விழுந்த இடம், சரோஜினி மறுநாள் கோயில் திருவிழாவுக்கு உடுக்க வைத்திருந்த, கரை போட்ட வெள்ளைச் செட்டுமுண்டின் மேல். அவள் ஓடிவந்தாள். ஒரு கம்பை எடுத்தாள். என் கைலியைச் செத்த பாம்பைப் போலத் தூக்கி மதிலில் வைத்தாள். பிறகு கயிற்றில் கிடந்ததை எல்லாம் திரும்பவும் நனைத்தாள்.

ரத்னபாய் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கம்பாலெயாக்கும் தூக்கினா! அவ ஆளுங்க நம்ம அப்பூப்பன் பாட்டன்மாரெ வழி மாறி நிக்கச் சொன்ன காலம் இன்னும் போகல்லியா? நம்ம துணியிலெ என்ன கொள்ளெ நோயா?"

நான் சமாதானம் சொன்னேன். கம்பத்தில் நிற்கும்போது நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன், சொந்தக் கணவரின் பனியனையும் சரோஜினி அதே கம்பால்தான் தூக்குவாள். அதைச் சொல்லவும் செய்தேன்.

"ஓ, கம்பத்திலெ நிண்ணு சாட்சி சொல்லுதியளோ?" என்றாள். நான் மதிலில் கிடந்த கைலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. கல்யாணம், சாவு, கிறிஸ்துமஸ் கேக், ஓணத்துப் பாயசம் எல்லாம் மதில் தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அலக்குக்கல்லில் பேச்சு நின்றது. ஒருத்தி நனைக்கும்போது மற்றவள் உள்ளே போய்விடுவாள். மதிலை இரண்டு வரி உயர்த்திக் கட்டவேண்டும் என்று ரத்னபாய் என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். "ஓணம் கழியட்டும்" என்பேன். ஓணம் கழிந்தால் "கிறிஸ்துமஸ் கழியட்டும்" என்பேன். என் சோம்பலுக்கு என் வாழ்க்கையில் நான் நன்றி சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பாசி

அன்றும் மத்தியானம் ஒரு மணிதான். மழை பெய்து கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. பக்கெட்டைக் கவிழ்க்கக் குனிந்தவன், அப்படியே வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். முப்பது வருடம் கம்பத்திலிருந்து விழாதவன், தரையில் நின்றபடியே விழுந்தேன்!

போட்ட கூப்பாட்டில் மதிலுக்கு அப்புறம் தலை தெரிந்தது.

"அய்யோ அண்ணா! எந்து பற்றி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லெ. நீ போ."

"போறதுக்கா நான் சோத்தெ விட்டுட்டு வந்தேன்?"

அறுபது வயதுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதில் ஏறி இந்தப் பக்கம் சாடினாள். நான் என் கையைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த பக்கெட்டைப் பார்த்தேன். துணியெல்லாம் அவள் காலடியில் கிடந்தது. அவளும் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"சரோஜினி, அதெத் தொடாதே."

"பேசாம, மிண்டாதெ இரியுங்க."

"அவ அறிஞ்சா மருந்து குடிக்கமாட்டா. நான் சத்தியம் செய்திருக்கேன்."

சரோஜினி குனிந்து, வெறுங்கையால் ஒவ்வொரு துணியாகப் பொறுக்கிப் பக்கெட்டில் போட்டாள். கம்பைத் தேடவில்லை. துவர்த்தால் மூடினாள்.

"நீங்க காட்டிக் குடுத்தா அல்லவா அக்கா அறிவாங்க? எனக்கு வாய் உண்டு, ஆனா அதுக்குப் பூட்டும் உண்டு. எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ரெண்டு இடது கை

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பெங்களூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள், ஆள் வைக்கச் சொன்னாள். ரத்னபாய் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "வேண்டாம்."

அவளுக்கு வலது கை இல்லை, எனக்கும் வலது கை இல்லை. இரண்டு இடது கையும் சேர்ந்துதான் துணி மாற்றுவோம். அவள் ஒரு மூலையைப் பிடிப்பாள், நான் ஒரு மூலையை இழுப்பேன். முதல்நாள் அரை மணி நேரம் ஆனது. நடுவில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நோயில் விழுந்தபின் நாங்கள் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நனைக்கிறது எப்பிடி?" என்று கேட்டாள்.

"காலாலெ மிதிச்சு நனைக்கியேன்" என்றேன். சோப்புப் பொடியில் ஊறவைத்து மிதித்தால் போதும் என்று விளக்கமும் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

உண்மையில் நடந்தது இது. ஒரு மணிக்குப் பக்கெட்டை இடது கையால் மதிலில் வைப்பேன். நான்கு மணிக்கு மதிலில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே மொறுமொறுவென்று காய்ந்த துணி, மூலைக்கு மூலை ஒத்து மடித்தது. தினமும் இரண்டு மணி வாக்கில் அவள் கிணற்றடியில் வெள்ளம் கோரி ஊற்றும் சத்தம் கேட்கும். எங்கள் துணியை முடித்துவிட்டுக் குளிக்கிறாள். முதல் நாள் அந்தச் சத்தம் எனக்கு என்னவோ செய்தது. 'எங்கள் அழுக்குக்கு ஒரு குளியலா' என்று நினைத்தேன். இரண்டாம் நாள் யோசித்தேன். அவளுக்கு வாதக் காய்ச்சல் வந்த முழங்கால் முட்டு. அதை வைத்துக்கொண்டு தினம் கூடுதலாக ஒரு குளியல். யாருக்காக?

மூன்றாவது வாரம் நர்ஸ் வந்தார். புண்ணைப் பார்த்தார்.

"அடிபொளி! புண்ணு நல்லா வாடியிருக்கே. இப்போ எங்க காயப்போடுதீங்க அங்கிளே?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். ரத்னபாய் என்னைப் பார்த்தாள்.

நர்ஸ் போனதும் அவள் தலைமாட்டில் இருந்த துணி ஒன்றை எடுத்தாள்.

"இது ஆரு மடக்கினது?"

"நானாக்கும்."

"ஒத்தெக் கையாலயா?"

"பின்னே."

"நாப்பது வருஷமா ஒங்க கூட வாழுதேன். ரெண்டு கையும் உள்ளப்பளே ஒரு துவர்த்தெ மூல ஒத்து மடக்கத் தெரியாத ஆளு நீங்க. சரோஜினியா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. தலையை ஆட்டினேன். இனி மருந்து குடிக்கமாட்டாள் என்று நினைத்து மாத்திரை டப்பாவைப் பார்த்தேன்.

"எப்போ அறிஞ்ச?" என்றேன்.

"மொத நாளே."

மூன்று வாரம்! மூன்று வாரமும் காலை, மாலை மாத்திரைக்கு வாயைத் திறந்திருக்கிறாள். பிறகு அவளே கேட்டாள்.

"அவ எங்கெயாக்கும் காயப்போடுதா? என்னெ ஜன்னலுக்குக் கொண்டு போங்க."

சபைப் பெண்கள் கொடுத்த சக்கர நாற்காலி அதுவரை மூலையில் மடங்கிக் கிடந்தது. அவள் அதில் உட்காரவே மாட்டேன் என்றிருந்தாள். அன்று உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்தேன்.

தென்னைக்கும் மாமரத்துக்கும் நடுவே, மஞ்சள் கயிற்றில், ரத்னபாயின் துணிகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. என் பழைய கைலியின் கட்டம் போட்ட துண்டுகளும் அதில் இருந்தன. சரோஜினியின் செட்டுமுண்டு அடுக்களைச் சுவரை ஒட்டிய வேறொரு கயிற்றில், நிழலில் தொங்கியது.

அன்று நாலு மணிக்கு மதிலடியில், கோயில் துணிக்கான கயிற்றில் எங்கள் துணியா என்று நான் சரோஜினியிடம் கேட்டேவிட்டேன். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"கோயில் துணி நெழல்லெயும் காயும் அண்ணா, ஒரு நாளு கூடுதல் ஆகும், அவ்வளவுதான். அக்காக்குள்ளதுக்கு வெயிலு வேணும். நர்ஸு சொன்னதெ நான் அடுக்களெயிலெ நிண்ணு கேட்டதாக்கும். என் வெளெயிலெ வெயிலு அந்த ஒரெடத்திலெதான் உண்டு."

அதை அப்படியே ரத்னபாயிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

மழை

அடுத்த வாரம் ஒரு நாள், மணி மூன்று இருக்கும். சரோஜினி பழைய முண்டு ஒன்றை உடுத்துப் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ரத்னபாய் ஜன்னலில் இருந்தாள்; இப்போதெல்லாம் அதுதான் அவளுடைய இடம். திடீரென்று சத்தம்.

"மழெ! மழெ வருது! ஓடுங்க!"

நோய் வந்தபின் அவள் இத்தனை பலமாகக் கத்தி நான் கேட்டதில்லை. வயசுக்கேற்ற மாதிரி மதில் ஏறி இறங்கினேன். மஞ்சள் கயிற்றுத் துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கத்துக் கயிற்றுக்குப் போனேன். செட்டுமுண்டில் கை வைக்கப் போகும்போது ஜன்னலிலிருந்து மறுபடி சத்தம்.

"தொடாதீங்க! கையாலெத் தொடாதீங்க! கம்பாலெ எடுங்க! தென்னெ மூட்டிலெ இருக்கு கம்பு!"

எனக்குக் கேட்டதை நம்பமுடியவில்லை. அதே கம்பு. எடுத்தேன். ஒற்றை இடது கை, தோளில் துணிக் கும்பல், எதிரே மழை. முண்டைக் கம்பால் தூக்கினேன், அது வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அதே நேரம் குடையும் பால் பாக்கெட்டுமாகச் சரோஜினி வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள், சேற்றில் கிடந்த முண்டைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

மழை வந்த வேகத்தில் போனது. அவள் குளித்துவிட்டு முண்டை முதலிலிருந்து நனைத்தாள். கடைசியில் நீலக் குப்பியை எடுத்து வந்து பக்கெட்டில் சாய்த்தாள்.

"எட்டீ சரோஜினி!" என்றது ஜன்னல். "நீலம் கொறச்சுப் போடு! முண்டா, ஆகாசமா?"

சரோஜினியின் கை அப்படியே நின்றது. சட்டென்று திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அந்த வெள்ளத்தைக் கொட்டிவிட்டு, புது வெள்ளம் பிடித்து, பக்கெட்டைத் தூக்கி வந்து மதிலில் வைத்தாள்.

"எனக்கு இது என்னைக்கும் செரியாவாது அக்கா. வந்து பாத்துச் சொல்லுங்க."

நோய் வந்ததிலிருந்து வாசல்படி தாண்டாதவள், யாரும் தன்னைப் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் திரையைக்கூட விலக்க விடாமல் இருந்தவள், சொன்னாள்:

"வாறேன்."

அடுக்களைப் படியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டேன். ஒரு கையாலும் வயிற்றாலுமாக நாற்காலியைத் தள்ளினேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்பது போல ரத்னபாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மதிலடியில் கொண்டு நிறுத்தினேன். இடது கையால் வெள்ளம் கோரி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் வெள்ளம் நிற்கவில்லை, விரலிடுக்கில் ஒழுகியது.

"ரெண்டு சொட்டு போதும்" என்றாள்.

சரோஜினி குப்பியை அவள் கையில் கொடுத்தாள். "நீங்களே விடுங்க அக்கா."

ரத்னபாய் இரண்டு சொட்டு விட நினைத்தாள். பழகாத இடது கை, ஐந்தாறு விழுந்துவிட்டது. சரோஜினி முண்டை எடுத்து அந்த வெள்ளத்திலேயே முக்கினாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் நல்ல நீலமாக ஒரு முண்டு உடுத்துத்தான் கோயிலுக்குப் போனாள்.